ஹைதராபாத்தில் ஒரே ஒரு பகல்: சாலார் ஜங்கா, சௌமஹல்லாவா, கோல்கொண்டாவா?

இரவு ரயிலில் ஏறிக் காலையில் ஹைதராபாத்தில் இறங்கி அன்றிரவே ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். கல்யாணத்துக்கோ பரீட்சைக்கோ வந்த இடத்தில் ஒரு நாள் மிஞ்சியவர்களும் உண்டு. எல்லோர் கையிலும் இருக்கும் பட்டியல் ஒன்றுதான்: சாலார் ஜங் அருங்காட்சியகம், சௌமஹல்லா அரண்மனை, புரானி ஹவேலி, கோல்கொண்டா, முடிந்தால் ஃபலக்னுமா. அத்தனையையும் ஒரு பகலுக்குள் அடைக்கப் பார்த்தால் மிஞ்சுவது டிராஃபிக்கும் டிக்கெட் வரிசையும்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்புவதே நல்லது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

கடிகாரம். சாலார் ஜங், சௌமஹல்லா, புரானி ஹவேலி மூன்றும் காலை 10 முதல் மாலை 5 வரை. ஆக உங்கள் கையில் இருப்பது 7 மணி நேரம். டிக்கெட் கவுன்டர் 5 மணிக்கு முன்பே மூடிவிடும் என்பதால் 4 மணிக்கு மேல் எந்த இடத்துக்கும் புதிதாகப் போய்ச் சேர்ந்து பயனில்லை. கோல்கொண்டா மட்டும் காலையிலேயே திறந்துவிடும்.

கிழமை. மேற்சொன்ன மூன்றுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற ஊர் அருங்காட்சியகங்களைப் போலத் திங்கள்தான் விடுமுறை என்று நினைத்து வெள்ளியன்று வந்து நிற்பவர்கள் நிறைய. சாலார் ஜங் சில அரசு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும்.

தூரம். சாலார் ஜங், புரானி ஹவேலி, சார்மினார், சௌமஹல்லா நான்கும் பழைய நகரத்தில், ஒன்றிலிருந்து அடுத்தது ஒன்று ஒன்றரை கிலோமீட்டருக்குள். கோல்கொண்டா அங்கிருந்து பத்து கிலோமீட்டர் அளவில் மேற்கே தள்ளி இருக்கிறது. வரைபடத்தில் இது பெரிதாகத் தெரியாது. மெஹதிப்பட்டினம் நெரிசலில் சிக்கினால்தான் தெரியும்.

முட்டியும் வெயிலும். கோல்கொண்டாவில் ஏறவேண்டிய படிகள் சுமார் 360. சாலார் ஜங்கில் படி பிரச்சினை இல்லை, ஆனால் சலவைக்கல் தரையில் மணிக்கணக்கில் நின்று நடக்கும் வலி வேறு வகை.

டிக்கெட்டில் தெரியாத செலவு. கேமரா கட்டணம், பை வைக்கும் இடம், ஆட்டோ, வழிகாட்டி. நுழைவுக் கட்டணத்தைவிட இவை கூடுதலாகிவிடும் இடங்கள் உண்டு.

| | சாலார் ஜங் | சௌமஹல்லா + புரானி ஹவேலி | கோல்கொண்டா + கல்லறைகள் | ஃபலக்னுமா |
|---|---|---|---|---|
| வார விடுமுறை | வெள்ளி | இரண்டுக்கும் வெள்ளி | கோட்டைக்கு இல்லை | முன்பதிவைப் பொறுத்தது |
| தேவையான நேரம் | தேர்ந்து பார்த்தால் 3 மணி, முழுதாக 6 மணி | இரண்டும் சேர்ந்து 3 மணி | 5 மணி | அரை நாள் |
| உடல் உழைப்பு | நீண்ட நேரம் நிற்பது | மிதம் | அதிகம் | குறைவு |
| வெயில் | இல்லை | முற்றங்களில் மட்டும் | முழுக்க | இல்லை |
| சத்தமில்லாமல் ஏறும் செலவு | கேமரா, நேரம் | கேமரா, லாட் பஜார் வளையல் கடைகள் | ஆட்டோ, வழிகாட்டி | எல்லாமே |
| யாருக்கு | முதியவர்கள், மழை நாள் | முதல்முறை வருகிறவர்கள் | இளைஞர்கள், பிள்ளைகள் | ஏதேனும் கொண்டாட்டம் உள்ளவர்கள் |

## சாலார் ஜங் அருங்காட்சியகம்

ஹைதராபாத் மன்னரான நிஜாமிடம் 1912 முதல் 1914 வரை திவானாக இருந்த மீர் யூசுஃப் அலி கான், அதாவது மூன்றாம் சாலார் ஜங், வாழ்நாள் முழுக்க வாங்கிக் குவித்தவையும் அவருடைய முன்னோர் சேர்த்தவையும் இங்கே இருக்கின்றன. 1949-இல் அவர் வாரிசின்றி இறந்தார். 1951 டிசம்பரில் அவருடைய மாளிகையிலேயே நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். முசி ஆற்றின் தென்கரையில் உள்ள இப்போதைய கட்டடத்துக்கு 1968-இல் மாறியது. ஒரு தனி மனிதரின் ஆசைக்குச் சேர்ந்த பொருள்கள் என்பதால் இதில் ஒழுங்கான வரலாறு தேடக்கூடாது. சோழர் பாணி வெண்கலச் சிலை ஒரு பக்கம், ஜப்பானியப் பீங்கான் ஒரு பக்கம், ரவிவர்மாவின் ஓவியம் இன்னொரு பக்கம். இந்தக் கதம்பமே இதன் அழகு. கூடவே, இங்கே வருகிறவர்கள் இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துபோவதற்குக் காரணமும் அதுதான்.

வாசலில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு கூடமாகப் பார்த்துக்கொண்டே போவதுதான் இங்கே பலர் செய்யும் தவறு. முதல் பத்துக் கூடங்களில் கண் களைத்துவிடும். நல்லவை வரும்போது கால் ஓய்ந்திருக்கும். நுழைந்ததும் கட்டட வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இந்தியப் பகுதி, மேற்கத்தியப் பகுதி, கீழைநாட்டுப் பகுதி என்ற மூன்றில் முதலில் இந்தியப் பகுதியை எடுங்கள்.

10 மணிக்கே உள்ளே போனால் 'முக்காடிட்ட ரெபேக்கா' சிலையைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம். இத்தாலியச் சிற்பி பென்சோனி செய்த இதை முதலாம் சாலார் ஜங் 1876-இல் ரோமில் வாங்கினார். நேர் எதிரே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, கன்னத்துக்கும் முக்காட்டுக்கும் நடுவில் வெளிச்சம் விழும் இடத்தைப் பாருங்கள். மூக்கு நுனியில் துணி ஒட்டி, கன்னத்தருகே விலகி நிற்பது தெரியும். இரண்டும் ஒரே சலவைக்கல். இதே சிலையைப் பென்சோனி ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாகச் செய்திருக்கிறார், உலகத்தில் இது ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அடுத்து இரட்டை மரச்சிற்பம். ஒரே மரத்தின் முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும் மெஃபிஸ்டோஃபிலிஸ், பின்பக்கம் தலைகுனிந்த மார்கரெட்டா, இருவரும் ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகப் பாத்திரங்கள். பின்னால் கண்ணாடி வைத்திருப்பதால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். பிறகு பச்சைக்கல் (ஜேட்) கூடம், தந்தக் கூடம். ஜஹாங்கீர், நூர்ஜஹான் பெயரோடு சேர்ந்த கத்திகளும், பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி திப்பு சுல்தானுக்கு அனுப்பியதாகச் சொல்லப்படும் தந்த நாற்காலிகளும் இங்குள்ளவை.

11.45-க்கு எங்கிருந்தாலும் அதை விட்டுவிட்டு இசைக் கடிகாரத்தின் முன் வந்து உட்காருங்கள். கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி நிறுவனத்துக் கடிகாரம். மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது தாடிக்காரப் பொம்மை ஒன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, எத்தனை மணியோ அத்தனை முறை அடித்துவிட்டு உள்ளே போகும். பகல் 12 மணிக்கு 12 அடி என்பதால் கூட்டமும் அப்போதுதான் அதிகம். மதியம் 1 மணிக்குப் போய் உட்கார்ந்தால் ஒரே அடியோடு முடிந்துவிடும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மறக்கவேண்டாம். வலதுபக்கம் விநாடிக்கு ஒருமுறை சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கும் கொல்லன் பொம்மையையும் காட்டுங்கள்.

பைகளை நுழைவாயில் கவுன்டரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். படமெடுக்கத் தனிக் கட்டணம் உண்டு, மொபைலானாலும் கேட்டுவிட்டு எடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும், பள்ளிச் சுற்றுலாக்கள் வரும் டிசம்பர், ஜனவரியும் நெரிசலான காலம்.

மழைநாள், ஏப்ரல் மே வெயில், கூடவே வயதானவர்கள் என்றால் வேறு யோசனை வேண்டாம், இதுதான். கட்டடம், அரண்மனை, கோட்டை என்று வெளியே பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். கட்டடத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் உள்ளே இருக்கும் பொருளில்தான்.

## சௌமஹல்லா அரண்மனையும் புரானி ஹவேலியும்

ஆட்டோக்காரரிடம் 'கில்வத்' என்று சொன்னால் சட்டென்று புரியும். 1750-ஐ ஒட்டி, ஹைதராபாத்தை ஆண்ட சலாபத் ஜங் காலத்தில் தொடங்கி, ஐந்தாம் நிஜாம் அஃப்ஸலுத் தௌலா காலத்தில் (1857-1869) முடிந்த அரண்மனை இது. பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்ததை நிஜாம் குடும்பத்து இளவரசி எஸ்ராவின் முயற்சியில் சீரமைத்து 2005-இல் மக்களுக்குத் திறந்தார்கள். அந்தப் பணிக்கு 2010-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

நேரே கில்வத் முபாரக் தர்பார் மண்டபத்துக்குப் போங்கள். பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகள் 19. நிஜாம்களின் முடிசூட்டு இங்கேதான் நடந்தது. 1967-இல் ஏழாம் நிஜாமின் பேரன் முகர்ரம் ஜா பட்டத்துக்கு வந்ததும், 2023 ஜனவரியில் அவர் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதும் இந்த அரண்மனையில்தான். தெற்கு முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நான்கு மாளிகைகள். அவற்றில் ஆஃப்தாப் மஹலை விட்டுவிடாதீர்கள். மோட்டார் ஆர்வம் இருந்தால் மஞ்சள் நிற 1912 ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் தனி ஈர்ப்பு. மற்றவர்கள் கார் கூடத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்கவேண்டாம்.

குறை என்ன? மைசூர் அரண்மனையின் தங்கமும் வண்ணமும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இங்கே வெறுமை தெரியும். பல கூடங்களில் சாமான் குறைவு, விளக்கப் பலகையும் சுருக்கம். இரண்டு மணி நேரம் தாராளம்.

நிஜாமின் நகைகளைப் பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை இங்கே இல்லை. 1995-இல் மத்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கி ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பில் வைத்திருக்கிறது. ஏழாம் நிஜாம் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஜேக்கப் வைரமும் அதில் அடக்கம்.

நிஜாம் அருங்காட்சியகம் இருக்கும் பழைய மாளிகையான புரானி ஹவேலியைப் பட்டியலில் இருந்து முதலில் அடிப்பவர்கள் அதிகம். அது நியாயமில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், கூட்டமும் இருக்காது. ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானின் வெள்ளி விழாவுக்கு வந்த பரிசுகள், நகரத்துக் கட்டடங்களின் வெள்ளி மாதிரிகள், மரச்சிம்மாசனம் ஆகியவை ஒரு பகுதி. இன்னொரு பகுதி ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் துணி அலமாரி. அலமாரி என்றால் நம் வீட்டு பீரோ அல்ல. சுமார் 54 மீட்டர் நீளத்துக்கு, இரண்டு அடுக்காக, ஒரு கட்டடத்தின் ஒரு சிறகு முழுக்க மரக்கதவுகள். மேலடுக்குக்குப் போகக் கையால் சுற்றும் மர லிஃப்ட். 2018-இல் காற்றுப்போக்கி வழியாக இறங்கிய திருடர்கள் தங்க டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சில நாளில் பிடிபட்டதும் இந்த அருங்காட்சியகத்தில்தான்.

இந்தத் திட்டத்தில் 10 மணிக்கு முன்பு கிடைக்கும் நேரத்தையும் வீணாக்காமல் பயன்படுத்தலாம். 8 மணிக்கே சார்மினார் வந்துவிட்டால், நிம்ரா டீக்கடையில் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். சைவக்காரர்களுக்கு குல்ஜார் ஹவுஸ் பக்கம் கோவிந்த் தோசைக் கடை, காலையில் மட்டும். பக்கத்தில் மக்கா மசூதியில் நிஜாம்கள் சிலரின் கல்லறைகள் உள்ளன. சார்மினாரைச் சுற்றி வண்டிகளை விடமாட்டார்கள், கொஞ்சம் முன்பே இறங்கி நடக்கவேண்டும். அங்கிருந்து சௌமஹல்லாவுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் லாட் பஜார் வழியாகப் போவதானால், 'சும்மா பார்க்கிறோம்' என்று ஒரு வளையல் கடையில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். அரக்கு வளையல் வாங்குவதை 5 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகம்தான் மூடும், கடைகள் இரவு வரை இருக்கும்.

முதல்முறை வருகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். ஒரு நாளில் அரண்மனை, அருங்காட்சியகம், தெரு, சாப்பாடு நான்கும் அலைச்சலில்லாமல் கிடைப்பது இந்த வட்டாரத்தில் மட்டுமே.

## சாலார் ஜங்கையும் சௌமஹல்லாவையும் சேர்த்தால்?

முடியும், ஒரு நிபந்தனையோடு. சாலார் ஜங் காலையில், சௌமஹல்லா மதியம். இதை மாற்றினால் கெட்டது. அரண்மனையை எந்த நேரத்திலும் இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். அருங்காட்சியகத்தை மதியம் 2 மணிக்குத் தொடங்கினால், பகல் 12 மணி கடிகாரம் போய்விடும், கடைசிக் கூடங்களில் காவலர்கள் விளக்கணைக்கத் தொடங்கும்போது ஓடவேண்டியிருக்கும்.

12.15-க்கு கடிகாரம் முடிந்ததும் மேற்கத்தியப் பகுதியில் அரை மணி நேரம், 1 மணிக்கு வெளியே. மதினா சந்திப்பின் பக்கம் பிரியாணி என்றால் வரிசையையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 2.30-க்கு சௌமஹல்லா. இதில் புரானி ஹவேலி அடிபட்டுப் போகும், வேறு வழியில்லை.

## கோல்கொண்டாவும் குதுப் ஷாஹி கல்லறைகளும்

அரண்மனை என்றால் கூரையும் சரவிளக்கும் இருக்கவேண்டும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இது இடிந்த கோட்டை, ஆனால் ஊரிலேயே பெரிய அனுபவம். கருங்கல் குன்றின்மேல், உச்சியில் பாலா ஹிஸார் மண்டபம். நுழைவாயில் குவிமாடத்தின் கீழே ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று கைதட்டினால் உச்சியில் கேட்கும். கீழே ஒருவர், மேலே ஒருவர் என்று பிரிந்து நின்றால்தான் இதைச் சோதிக்கமுடியும். எல்லோரும் கீழே நின்று தட்டிவிட்டு நகர்வதைத்தான் அங்கே பார்க்கலாம்.

கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. பத்ராசலம் ராமர் கோயிலுக்கு அரசாங்க வரிப் பணத்தைச் செலவழித்தார் என்று ராமதாஸரைச் சிறைவைத்த அறை இந்தக் கோட்டையில் இருக்கிறது. அடைத்தது, கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி வம்சத்தின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானாஷாவின் ஆட்சி. 1687-இல் எட்டு மாத முற்றுகைக்குப் பின் அவுரங்கசீப் கோட்டையைப் பிடித்தபோது தானாஷாவும் கைதியாகி, தௌலதாபாத் கோட்டைச் சிறையில் இறந்தார். ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டத்தில் இந்த வம்சத்து சுல்தான்கள் வரிசையாகக் கிடக்க, அவருக்கு மட்டும் இடமில்லாமல் போனது அதனால்தான். கோட்டையை முதலில் பார்த்துவிட்டுக் கல்லறைகளுக்குப் போனால் இந்தக் கதை கோர்வையாக வரும்.

கோட்டை டிக்கெட் இந்தியர்களுக்கு 25 ரூபாய்தான், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். தொல்லியல் துறையின் இடம் என்பதால் இலங்கை வாசகர்களும் கடவுச்சீட்டைக் காட்டி இந்தியர் கட்டணத்திலேயே போகலாம், சார்மினாருக்கும் அப்படியே. சௌமஹல்லாவில் இந்தச் சலுகையை எதிர்பார்க்கவேண்டாம். இங்கே பணம் கரைவது வேறு இடத்தில். மெட்ரோ கிடையாது, ஆட்டோ அல்லது மெஹதிப்பட்டினம் வழிப் பேருந்து. திரும்பும்போது வாசலில் நிற்கும் ஆட்டோக்கள் கேட்கும் தொகை வந்த தொகையாக இருக்காது, செயலி வழியே வண்டி பிடியுங்கள். வழிகாட்டி வேண்டுமானால் எவ்வளவு நேரம், உச்சிவரை வருவாரா என்பதைப் பேசிக்கொண்ட பிறகே நடக்கத் தொடங்குங்கள்.

படியேற்றம் காலை 10-க்குள் முடிந்துவிட வேண்டும். பகல் 11-க்கு மேல் கருங்கல் சூடு கீழிருந்தும் வெயில் மேலிருந்தும் வாட்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். மாலை ஒலி ஒளிக் காட்சிக்கு நிற்பதானால் எந்தக் காட்சி எந்த மொழியில் என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். இரவு 8 மணிக்குள் ரயில் பிடிக்கவேண்டியவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

## ஃபலக்னுமா

பாய்கா என்ற பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த விகாருல் உம்ரா 1884-இல் தொடங்கிக் கட்டிய மாளிகை, பின்னால் ஆறாம் நிஜாம் கைக்கு வந்தது. 2010 முதல் தாஜ் ஹோட்டல். 101 பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை இங்கேதான். அறையோ சாப்பாட்டு முன்பதிவோ இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. ஒருவர் தேநீருக்குச் செலவழிக்கும் பணத்தில் மற்ற எல்லா இடங்களுக்கும் ஒரு குடும்பமே டிக்கெட் வாங்கிவிடும். திருமண நாள் மாதிரி ஒரு காரணம் இருந்தால் மட்டும், மாலைப் பொழுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## பெட்டியை எங்கே வைப்பது

ரயிலில் வந்து ரயிலில் திரும்புகிறவர்கள் நிலைய க்ளோக் ரூமில் பெட்டியை வைக்கலாம். பூட்டுப் போடாத பையை வாங்கமாட்டார்கள், ஒரு சின்னப் பூட்டு வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள், டிக்கெட்டும் காட்டவேண்டும். நாம்பள்ளி (ஹைதராபாத் டெக்கான்) நிலையத்தில் இறங்கினால் சிவப்புத் தட மெட்ரோவில் காந்தி பவன், உஸ்மானியா மருத்துவக் கல்லூரி தாண்டி எம்ஜிபிஎஸ் (மகாத்மா காந்தி பேருந்து நிலையம்) மூன்றாவது நிலையம். அங்கிருந்து சாலார் ஜங் ஒன்றரை கிலோமீட்டர் அளவில், ஆட்டோவில் போய்விடலாம்.

## மாட்டியது வெள்ளிக்கிழமையானால்

கோல்கொண்டா திறந்திருக்கும், சார்மினாரும் திறந்திருக்கும். காலையில் கோட்டையை முடித்துவிட்டு, கல்லறைத் தோட்டம் அன்று திறந்திருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நகரத்துக்குள் 12-லிருந்து 2.30 வரை நுழையவேண்டாம், மக்கா மசூதியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம், சுற்றுவட்டாரம் முழுக்க வண்டி நகராது. 3 மணிக்கு மேல் வந்தால் சார்மினாரின் குறுகலான சுழல் படியேறி மேல்தளத்தைப் பார்க்கலாம். சௌமஹல்லாவின் வெளிவாசல் வரை நடந்து பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும், மதிலைத் தவிர ஒன்றும் தெரியாது, அந்த நேரத்தை லாட் பஜாருக்குக் கொடுங்கள்.